நாக்கில் பட்ட உப்பு

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, மறதியும் கூட. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க. ஒலுவிலில் இருந்து கல்முனைக்கு வந்த பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருசனும் பொஞ்சாதியும் இருந்தாங்க. பழைய கார் ஒன்றை, விக்கிறவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவங்க.

"எதுக்கு புள்ள அந்தக் கார நக்கினாய்? விக்கிற மனிசன் சிரிச்சிட்டார்."

"கார நக்கல்ல. கார் உள்ளுக்க விரிச்ச கார்ப்பட்டத் தூக்கி, அடித் தகட்டுல விரல வெச்சி நாக்குல தொட்டன். ஒரே உப்பு."

"ஒரு டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு ஓடின கார் எண்டாரே அவர்?"

"டீச்சர் கடலுக்குள்ளயா படிப்பிச்சாங்க? மீன் பெட்டி ஏத்தின கார் அது."

"காருட பதிவுப் பொத்தகம் விக்கிறவர்ர பேர்லதானே இரிக்கி?"

"ஓம், பொத்தகம் சரி. தகடுதான் உப்புல துருவேறி, கறள் புடிச்சி உக்கிப் போச்சி. உங்கட உம்மாவ ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போகத்தானே கார் தேடுறம்? பாதி வழியில தகடு உடைஞ்சி அவட கால் ரோட்டுல இழுபடணுமா?"

நிந்தவூரில் புருசன் போனை எடுத்து, விக்கிறவரை அண்ணன் முறையில் கூப்பிட்டு, "கார் வேணாம் நானா, குறை நினைக்காதீங்க" என்றார். போனை வைத்துவிட்டுப் பொஞ்சாதியைப் பார்த்தார்.

"நாளைக்கி சம்மாந்துறையில ஒண்டு பாக்கணும். அங்க கடல் இல்ல, நீ வரத் தேவல்ல."

"அந்தக் கார் முந்தி எங்க நிண்டதெண்டு ஆருக்குத் தெரியும்? நானும் என்ட நாக்கும் வாறம்."

உப்பை வைத்துக் காரின் கறள் நோயைச் சொல்ல ஏலுமா? வாகனம் திருத்துற ஆராவது இதைப் பார்த்துச் சரிபிழை சொல்லுங்க.