கடைக்கார அண்ணன்

தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தூசித் தேநீரை எப்படித்தான் குடிக்கிறீர்களோ, சார். பரவாயில்லை, சூடாக இருக்கிறது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதத் தெரிந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டதற்கு நன்றி. நிதானமாகவே சொல்கிறேன், அவருக்கும் கை வலிக்கக்கூடாது.

ஹட்டன் டவுனில் ரேடியோ, அம்ப்ளிஃபயர் திருத்தும் கடை என்னுடையது. நானும் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் பிறந்தவன்தான். ஆனால் அங்கேயே கிடந்து அழுகவில்லை. செத்துப்போன வினோஜன் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். தாய் மீனம்மா கொழுந்தெடுக்கிறவள். இவனிடம் ஒரு மொடியுலர் சிந்தசைசர் இருந்தது. சின்னச் சின்ன சர்க்கியூட்டுகளைப் பெட்டியில் வரிசையாகப் பூட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வயர் குத்தினால்தான் அதில் சத்தம் வரும். வரும் சத்தமும் வயிற்றுவலிக்காரன் முனகுவது மாதிரி இருக்கும். அதைக் கேட்க லயத்து வாசலில் கூட்டம் வேறு. இவனும் பெரிய வித்துவான் போலக் கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவித் தடவியே வயர் குத்துவான்.

போன வருடம் ரேடியோவில் இவனைப் பேட்டி எடுத்தார்கள். இதையெல்லாம் யார் செய்து தந்தது என்று கேட்டார்கள். "டவுன்ல கடைக்கார அண்ணன் ஒருத்தரு இருக்காருங்க. அவருதான் சோல்டர் புடிச்சுக் குடுப்பாரு" என்றான். அந்தப் பெட்டியில் பாதி நான் திருத்தி எழுப்பியது. சோல்டர் பிடிக்கிறேனாம். எனக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, சார். பெயருக்கு அலைகிறவன் நானில்லை. ஆளின் குணம் உங்களுக்கு விளங்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு மழை தொடங்கியது. மழைக்கு லயத்துச் சுவர் ஊறினால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்ட் போய்விடும். கரண்டில் மாட்டிய மனிதனைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்திருக்கும் சாமான் அது. இந்தச் சனத்துக்கு அது ஒரு தொந்தரவு. "அண்ணே, இந்த ட்ரிப்பு சனியன் விழாம ஒரு வழி பண்ணுங்கண்ணே. ரெக்கோடிங் எல்லாம் பாதியில நின்னுருது" என்று வந்து நின்றான். எல்லாத் தோட்டத்திலிருந்தும் இதைக் கேட்டு வருவார்கள். முடியாது, ஆபத்து என்று திருப்பி அனுப்பிவிடுவேன். இவனுக்கு மட்டும் செய்துகொடுத்தேன். மீனம்மா ரொட்டியும் சம்பலும் வைத்து, "ஒங்க புண்ணியத்துல கரண்டு போகாம இருக்குது தம்பி" என்றாள். சம்பலில் உப்பு அதிகம்.

அடுத்து, கொழும்பில் வாசிக்க இவனைக் கூப்பிட்டார்கள். லயத்துக்கே தலைகால் புரியவில்லை. பழைய சின்ன ஜாக்குகள் பனியில் களிம்பு பிடித்துக் கரகரத்தன. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பனானா ஜாக் போட்டுத் தரச் சொன்னான். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். மல்டிமீட்டர் வயரின் முனையில் இருக்குமே, ஒற்றைப் பித்தளை முனை, அதைக் குத்துகிற ஓட்டைதான். ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தலாம், ஒரு சத்தத்தைப் பல இடத்துக்குக் கொண்டுபோகலாம். பலகையில் ஓட்டைகளைப் பெருப்பித்து, ஒவ்வொன்றாகப் பூட்டி, பின்னால் வயர்களைச் சீவிக் கட்டினேன். இந்த மலையில் வேறு எவனாலும் அப்படிச் செய்ய முடியாது.

விளக்குப் போட ஒரு பிளக் பொயின்ட் கேட்டிருந்தான். பின்பக்கத்தில் வைக்கச் சொன்னான். நான் முன்பக்கத்தில், ஜாக் வரிசையின் கடைசியில் வைத்தேன். ஓட்டையை மறைக்கும் உள்மூடி இல்லாத பழைய சாமான், ஜாக்குகளின் அதே கறுப்பு நிறம். பெட்டியை எடுக்க வந்தவன் அதைப் பார்த்தான்.

"பிளக்கு முன்னுக்கு வந்திருச்சேண்ணே?"

"பின்னால இடமில்ல" என்றேன்.

"நீங்க வச்சா சரியாத்தாண்ணே இருக்கும்" என்று தூக்கிக்கொண்டு போனான்.

பின்னால் தாராளமாக இடம் இருந்தது. வீட்டுக் கரண்ட் ஓடும் அந்தப் பிளக்குக்குள் பனானா முனை போகுமா என்று கடையிலேயே குத்திப் பார்த்திருந்தேன். போனது.

கொழும்புக்குப் போவதற்கு முதல்நாள் லயத்துச் சனத்துக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டுதான். ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. விழாமல் செய்தது நான். எனக்கு போன் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுத்தான் போனேன்.

மீனம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்க மேல உசுரா இருந்தானே தம்பி. ஒங்க பெட்டி மேலயே விழுந்து கெடந்தானே" என்றாள். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் அதை என் பெட்டி என்று சொன்னாள்.

ஏன் அன்றைக்கே வரவில்லை என்று கேட்டீர்கள். மனச்சாட்சிதான், சார். நேற்றுப் பத்திரிகை பார்த்தேன். "தானே வயர் செய்த கருவியால் தோட்ட இளைஞன் பலி" என்று போட்டிருக்கிறார்கள். அரைகுறை வேலையாம். அதைப் படித்த பிறகு கடையில் இருக்கவே முடியவில்லை. பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

அவன் ஒரு வயரும் செய்யவில்லை. ட்ரிப்பை எடுத்தது நான், ஜாக் போட்டது நான், பிளக்கை அந்த இடத்தில் வைத்தது நான். அவன் சாவான் என்று தெரிந்துதான் வைத்தேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டாரா? கடைக்கார அண்ணன் என்று மட்டும் எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். முத்துலிங்கம் என்று எழுதட்டும். பத்திரிகைக்கும் அதையே கொடுங்கள்.