மட்டம் போட்ட அப்பா

தாம்பரம் போகிற மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டையெல்லாம் வெல்டிங் பொறி சுட்ட ஓட்டைகள். இளையவர் சொன்னார்:

"பொண்ணு ஸ்கூலுக்கு மட்டம் போடக்கூடாதுன்னு நான் கம்பெனிக்கு மட்டம் போட்டேண்ணா."

"இன்னாடா சொல்ற?"

"பையைத் தூக்கிகினு கடைத்தெருவுல சுத்திகினு இருந்தா. அடிச்சேன், கேக்கல. அப்புறம் தெனமும் ஸ்கூல் எதிர்ல டீக்கடையில குந்திகினு காவல் காத்தேன். டீக்கடைக்காரரும் ஒரு கண்ணு வெச்சிருந்தாரு."

"அதுல திருந்திட்டாளா?"

"எங்க? எதிர் வூட்டு அக்காதான் அவளைக் கூப்ட்டு விசாரிச்சுது. கணக்கு வரலன்னு கிளாஸ்ல சிரிக்கிறாங்களாம். சாயங்காலத்துல அதுவே சொல்லிக் குடுத்துச்சு. இப்ப அவளே ஸ்கூலுக்கு ஓடறா."

"அப்ப நீ வேலைக்குப் போக வேண்டியதுதானே?"

"எனக்கு டீக்கடை பெஞ்சு பழகிப் போச்சுண்ணா. பேப்பரு, அரட்டை... நேத்து சூப்பர்வைசர் எங்க வூட்டுக்கே ஆள் அனுப்பிட்டாரு."

"வூட்ல கத்தினாங்களா?"

"சம்சாரம் கத்துச்சு. பொண்ணு கத்தல. பக்கத்துல வந்து குந்திகினு, 'கம்பெனில யாராவது உன்னைப் பார்த்து சிரிக்கிறாங்களாப்பா?'ன்னு கேட்டா."

பெரியவர் சிரித்தார். இளையவர் சிரிக்கவில்லை.

"நான் அவளை அப்படி ஒரு வார்த்தை கேக்கவேயில்லண்ணா."