அப்பாவுக்குப் பக்கத்து இடம்

சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். தங்கைதான் தொடங்கினாள்.

“எங்கடை நாடும் இன்னொரு நாடும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திட்டினமாம். இனி அம்மாவை எங்கை அடக்கம் பண்ணுறது, அண்ணை?”

“அம்மா ஆஸ்பத்திரியிலை இன்னும் உயிரோடை இருக்கிறா. மெல்லமாக் கதை.”

“அப்பான்ரை கல்லறை ஆமி வேலிக்குள்ளை கிடக்கு. இந்த வருசம் அந்தக் காணியை விடுவினம் எண்டல்லோ சொன்னியள்?”

“அப்பிடித்தான் சொன்னவை. இப்ப அந்த ஒப்பந்தத்திலை ரெண்டு நாடும் சேர்ந்து போட்ட திட்டத்தைப் பாராளுமன்றக் குழு பார்த்து முடிக்குமட்டும் ஆமிக்காரர் ஒரு காணியும் விடமாட்டினமாம்.”

“அப்ப செத்தவையும் ரெண்டு நாட்டிட்டை அனுமதி கேக்கவேணுமோ?”

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

“தன்னை அப்பாவுக்குப் பக்கத்திலைதானே வைப்பியள் எண்டு அம்மா இண்டைக்கும் கேப்பா. நான் என்ன சொல்ல?”

ஆஸ்பத்திரித் தரிப்பில் பஸ் நின்றது. அண்ணன் எழுந்தார்.

“ஓம் எண்டு சொல்லு. நான் வெளியிலை நிக்கிறன்.”