கல்வாழைக்கு ஒன்றரை அடி

ஏனுங்ணா, பெல்ல அடிச்சுப்போடாதீங்க! ஒரு நிமிஷம். நானு பக்கத்து ஊட்டுப் பையன். ரங்கநாயகி ஆன்ட்டி உள்ள சமைச்சுட்டு இருக்காங்க.

இதுங்களா? கல்வாழைங்ணா. கொத்து நெருக்கமாயிருச்சுன்னா பூ கொறைஞ்சுபோகும். தோண்டி, கிழங்க ஒடச்சு, ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு மொளை இருக்கற மாதிரி பிரிச்சுத் தள்ளித்தள்ளி நடோணும். மொதல்ல முக்கா அடி வுட்டேன். பத்தாதுன்னு புடுங்கி ஒரு அடி. இப்ப ஒன்றரை. நாலு ஞாயித்துக்கெழம கிரிக்கெட் போச்சுங்ணா.

யாரு சொன்னதா? ஆன்ட்டி பையன் சாய்கிருஷ்ணா. கனடாவுல இருந்து போன்ல சொல்றாருங்க. உடனே ஆன்ட்டி செவுத்துக்கு அக்கட்டால இருந்து, கண்ணு, அண்ணன் ஒன்றரை அடி உடச் சொல்றான், வாம்பாங்க.

ஏனுங்க மூஞ்சி மாறுது? இருங்க, முழுசாக் கேளுங்க. எனக்கு வாய் சும்மா இருக்காதுங்ணா. எங்க ஹெச்.எம். இருமறது, கணபதி பஸ் கண்டக்டர், எங்கப்பாரு தும்மல், அத்தனையும் என் வாய்ல அப்படியே வரும். இங்க ஆன்ட்டி அவங்க பையனோட ஒரே ஒரு பழைய வாய்ஸ் மெசேஜ தினம் ஸ்பீக்கர்ல போட்டுக் கேப்பாங்க. பாகுன்னாவாம்மா, நல்லாருக்கியாம்மான்னு, தெலுங்குல. ரெண்டு வருஷமா அதே ஒண்ணுதான். எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. ஒருநா வெளையாட்டுக்கு அக்காவோட பழைய சிம்முல இருந்து அடிச்சு, அதே குரல்ல, பாகுன்னாவாம்மா, இது புது நம்பருன்னேன். சிரிச்சுட்டு வெச்சரலாம்னு பாத்தா, அவங்க அழுகறாங்க. பயத்துல வாய்ல வந்தத உளறுனேன். கல்வாழைய பிரிச்சு நடுங்கம்மான்னு.

சொன்னதும் நானு, தோண்டறதும் நானு. இதுல அவங்களே திருப்பிக் கூப்புடறாங்க. மம்முட்டியப் புடிச்சு மண்ண வெட்டிட்டு நிக்கறப்ப டவுசர் பாக்கெட்டுல போன் அடிக்குது. தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஓடிப்போயி சாய்கிருஷ்ணா ஆயிருவேன். நிறுத்தவும் முடியல, சொல்லவும் முடியலீங்ணா.

உங்க போட்டோ ஹால்ல மாட்டியிருக்குது. நீங்க கேட்டுப் பக்கத்துல வந்து நின்னதுமே தெரிஞ்சுபோச்சு. அடிக்கறதுன்னா அடிச்சுக்கோங்க. ரெண்டு வருஷமா நீங்க ஏன் கூப்புடலைன்னு நானு கேக்கமாட்டேன்.

போன்ல எந்த பாஷையில பேசுனேனா? தமிழ்லதாங்ணா. அந்த ஒரு வார்த்தையத் தவுத்து எனக்கு தெலுங்கு எங்க வரும்? அவங்களும் தமிழ்லயேதான். என்னைய கூப்புடற மாதிரியே, கண்ணு கண்ணுன்னு...

ஆமா. உங்ககிட்ட தெலுங்குதான பேசுவாங்க? ஏன் தமிழ்ல பேசறேன்னு ஒருக்காகூட கேக்கலீங்களே.

அப்ப... நான்தான்னு தெரிஞ்சேவா கூப்புட்டுட்டு இருந்தாங்க?

அய்யோ, போன் அடிக்குது பாருங்க, ஆன்ட்டிதான். இந்தாங்ணா. இந்த வாட்டி நீங்களே எடுங்க.