வண்டிச் சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிடு

உங்கள் பிளேன்டீயில் சாயம் கொஞ்சம் தூக்கல், சேர். பரவாயில்லை. போன மழைக்கு என் காலில் ரத்தம் குடித்த ஒரு அட்டை, சீனி காணாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனது. நான் இப்படித்தான் பேசுவேன். அதனால்தான் வாசலில் நிற்கும் உங்கள் பொலிஸ்காரர், நான் சொல்ல வந்ததையும் கதை என்று நினைத்துச் சிரித்தார்.

என் பெயர் மத்தேயு. நமுனுகுல பக்கம் எங்கள் தோட்டத்தில் பழைய பிள்ளைக்காம்பரா ஒன்று உண்டு. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன கட்டடம். பிள்ளைகள் குறைந்த பிறகு, உடம்பு இயலாதவர்களைப் பராமரிக்க அதைக் கேட்டு வாங்கினேன். பதுளையில் ஒரு உதவி நிறுவனம் செலவைக் கொடுத்தது. அந்தக் காசுக்கு இருதயம்மா காலையில் மட்டும் வந்து, எல்லாரையும் குளிப்பாட்டி, சோறூட்டிவிட்டுப் போவாள்.

அங்கே இருப்பவர்களில் துஷாந்துக்குக் கழுத்து நிற்காது. வளர்ந்த ஆள்தான், ஆனால் அவனுக்கு ஊட்டப் பழகிய கை வேண்டும். ஒரு சாயங்காலம் நான் ஊட்டினேன். புரையேறி நீலம் பாரித்துவிட்டான். பிழைத்துக்கொண்டான். இருதயம்மாவை நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். இதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

நிறுவனத்தில் ஒரு வழி இருந்தது. யாராவது புதிதாக அடிபட்டுப் படுத்துவிட்டால், மூன்று மாதத்துக்கு உதவியைத் தற்காலிகமாகக் கூட்டுவார்கள். தவணை முடியும்போது ஸிஹாமா மிஸ் ஜீப்பில் வந்து பார்ப்பார். நிலைமை அப்படியே இருந்தால் நீட்டிப்பார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெரியாயி கூடையோடு வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதாதீர்கள். அவளை எங்களிடம் சேர்த்து, அவள் பேரில் கேட்டேன், கொடுத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால் அவள் குணமாகிவிட்டாள். ஒரு காலையில் நான் உள்ளே போனபோது சக்கர நாற்காலி காலியாகக் கிடந்தது. அவள் துடைப்பத்தோடு நின்றாள்.

"மாமா, பாத்தீங்களா, நடந்துட்டேன்."

"நட புள்ள, நல்லா நட. மிஸ் வர்றப்ப மட்டும் ஒக்காந்துக்க."

"அது பொய்யில்லையா?"

"பொய் எங்க இருக்கு? நீ வாயத் தொறக்காத. காலு பாட்டுக்குச் சும்மா கெடக்கட்டும்."

"ஆண்டவனுக்குத் தெரியாதாக்கும்?"

"ஒங்க ஆண்டவனா, எங்க ஆண்டவனா? ரெண்டு பேரும் துஷாந்துக்குச் சோறூட்ட வரல புள்ள."

சிரித்தாள். நல்ல சிரிப்பு அது. நாங்கள் உட்காருவதைப் பழகத் தொடங்கினோம். கீழ் வளைவில் வண்டிச் சத்தம் கேட்டால் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டும். காலைத் தொங்கவிட்டு, கம்பளியால் மூட வேண்டும். போகப்போக பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோவுக்கும் உட்கார்ந்தாள். இருதயம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்: "ஏன்டி, பாண்காரனும் ஒனக்குக் காசு தர்றானா?"

ஒவ்வொரு தவணையும் நான்தான் கேட்டேன். இடுப்பெலும்பு இன்னும் ஈரமாக இருக்கிறது என்றேன். பாலில் கழுவின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன். மிஸ் தலையாட்டுவார். துஷாந்த் சதை போட்டான்.

பிறகு பெரியாயியின் மகள் நிரஞ்சலா கொழும்பில் பிள்ளை பெறப்போவதாகத் தகவல் வந்தது. போக வேண்டும் என்றாள். நடந்து போகிறவளைத் தோட்டமே பார்க்கும். இந்தத் தவணை முடியட்டும் என்றேன். முடிந்தது. அடுத்ததும் முடியட்டும் என்றேன். பேரன் பிறந்துவிட்டான். அப்போதும் அவள் துடைப்பத்தை ஓங்கவில்லை. "ஒங்க வார்த்தைக்காகத்தான் மாமா குந்தியிருக்கேன்" என்றாள். என் வார்த்தையை ஒருவர் அந்த அளவுக்கு நம்பியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது.

மழை விடாமல் பெய்த அந்த வாரம், மேல்மலையில் வெடிப்பு விழுந்திருப்பதாகச் சொல்லி எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு இறக்கினார்கள். துஷாந்தை இருதயம்மாவும் இரண்டு பேருமாகத் தூக்கிப் போனார்கள். நான் பாதைக்கு வந்து பெரியாயியைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவளும் எழுந்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி கட்டின ஜீப் வளைவில் ஏறியது.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஜீப்பிலிருந்து ஸிஹாமா மிஸ் இறங்கினார். எங்கள் ஆட்களை நினைத்து, மழையோடு மழையாக வந்திருந்தார். நல்ல மனுஷி.

"மத்தேயு ஐயா, அவங்களுக்கு நடக்க ஏலாதே. யாரு தூக்கிறது?"

நாங்கள் நின்ற இடத்துக்கும் வாசலுக்கும் நடுவில் படிக்கட்டுதான். தினமும் அவள் கூட்டுகிற படிக்கட்டு. "எழும்பி வா" என்று நான் சொன்னால் போதும். அந்தத் தவணை முடிகிற வாரம் அது.

"ஆமாங்க மிஸ்" என்றேன். "ரெண்டு ஆள் வேணும். ஸ்ட்ரெச்சரும் வேணும்."

டிரைவர் டிஸ்பென்சரிக்கு ஓடினான். மேலே ஏதோ பெரிய பாத்திரத்தை இழுப்பது போலச் சத்தம் வந்தது. பெரியாயி நாற்காலியின் கைப்பிடியை அழுத்தி அரைவாசி எழுந்தாள். எழுந்து என்னைப் பார்த்தாள். கேட்கிற பார்வை. நான் தலையை அசைத்தேன். கொஞ்சமாகத்தான், மிஸ் கவனிக்காத அளவுக்கு. வேண்டாம் என்று.

அவள் திரும்ப உட்கார்ந்து கம்பளியைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகு அங்கே வாசல் இல்லை.

சக்கர நாற்காலி மண்ணிலிருந்து வளையாமல் கிடைத்தது. கழுவிப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருக்கிறோம். துஷாந்தை அதில் உட்காரவைத்தால் ஊமைக் குரலில் அழுகிறான். றோட்டில் வண்டி வரும்போதெல்லாம் அதன் சீட்டு மெதுவாக உள்ளே அமுங்குகிறது, ஒரு ஆள் உட்கார்ந்தது போல. வண்டி போனதும் எழும்புகிறது. கதையென்றால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன் சேர். உங்கள் ஜீப்பில் என்னை ஏற்றினபோதும் திரும்பிப் பார்த்தேன். அமுங்கித்தான் இருந்தது.

நான் தலையசைத்ததால்தான் அவள் செத்தாள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு நடக்க முடியும் என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். மண்சரிவைக் காரணம் காட்டி, இருதயம்மாவின் சம்பளத்துக்கு இன்னொரு தவணை கேட்டிருக்கிறேன், மிஸ் இன்னும் பதில் சொல்லவில்லை.