இடது முன் டயர் பற்றி ரத்னா சொன்னது

ரத்னா, வயது 34, கணவர் பெயர் பரணிதரன் (இறந்துவிட்டார்), ரயில் நிலையச் சாலை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். இவர் தாமாகவே 12.08.2024 அன்று காலை 11 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொன்னது:

நான் மேற்படி முகவரியில் கணவருடன் குடியிருந்தேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் கணவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தார். மூன்று வருடம் முன்பு கார் வாங்கினார். அன்று முதல் டயர் பார்ப்பது என் வேலை. தினமும் காலை ஆறு மணிக்கு நான்கு டயரிலும் கேஜ் வைத்துக் காற்றைப் பார்த்து, டயரின் பட்டன் வரிகளின் இடுக்கில் சிக்கிய கற்களை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, அதன் பிறகு நோட்டில் எழுதி அவரிடம் காட்ட வேண்டும். நான்கிலும் முப்பத்து மூன்று இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தெருவில் நின்று கால் பம்பை மிதிக்க வேண்டும். எதிர் வீட்டார் பார்ப்பார்கள் என்று நைட்டிமேல் துண்டு போட்டுக்கொள்வேன்.

சென்ற பொங்கலுக்கு மறுநாள் பின் டயரில் ஒரு கல்லை விட்டுவிட்டேன். என் கணவர் என் வலது கையை அந்த டயருக்கு முன்னால் தரையில் வைக்கச் சொல்லி, காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். "கல்லு எடுக்கத் தெரியாத கை இன்னாத்துக்குடி?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்ஜினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதன் பிறகு காபி கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

26.07.2024 அன்று காலை இடது முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைப்பு இருந்தது. உடனே, "இன்னாங்க, டயர் வீங்கிக்கினு இருக்கு" என்று சொன்னேன். "எட்டாங்கிளாஸு எனக்குப் பாடம் எடுக்குதா? காத்தப் பாரு, எய்து. அவ்ளோதான் உன் வேல" என்று பம்பின் ரப்பர் குழாயால் முதுகில் அடித்தார். மூன்று நாள் கழித்து மறுபடியும் சொன்னேன். மறுபடியும் அடித்தார். அதன் பிறகு நான் சொல்லவில்லை.

06.08.2024 செவ்வாய்க்கிழமை காலை அந்தப் புடைப்பின் மேல் ரப்பர் விரிசல் விட்டு உள்ளே நூல் தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். காற்று முப்பத்து மூன்று இருந்தது. டிக்கியில் ஸ்டெப்னி நல்ல நிலையில் இருந்தது. அதை மாற்றவும் எனக்குத் தெரியும். ஆனால் மாற்றவில்லை. நான்கு முப்பத்து மூன்றையும் எழுதி, பக்கத்தில் 'சரி' என்று எழுதிக் காட்டினேன். அவர் நோட்டை மட்டும் பார்த்தார். தினமும் கிளம்பும்போது மெதுவாகப் போகச் சொல்வேன். அன்று சொல்லவில்லை.

எட்டேகால் மணிக்கு போன் வந்தது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் டயர் வெடித்து, கார் தடுப்பில் ஏறி உருண்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும், "டயரப் பாத்தியா இல்லியாடி?" என்று கேட்டார். "பாத்தேன்" என்றேன். மதியம் இறந்துவிட்டார்.

அதன் பிறகுதான் காரில் இன்னொருவர் இருந்தது எனக்குத் தெரிந்தது. அதே தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்யும் பூமிகா, வயது 22. எங்கள் தெருமுனையில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த அவருடைய அம்மா கெங்கம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "உன் ஊட்டுக்காரரு தங்கமான மனுசம்மா. பஸ்ஸுக்கு நிக்க வேணான்னு டெய்லி என் பொண்ண ஏத்திக்கினு போவாராம். வண்டில ஏறசொல்லோ, பதனமா பாத்து ஏறும்மான்னு சொல்வாராம்" என்று அழுதார். பிறகு, "நாஷ்டா துன்னியா?" என்று கேட்டு இட்லி கொடுத்தார். பசித்ததால் சாப்பிட்டேன்.

அந்தப் பெண் காரில் ஏறுவது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று உதவி ஆய்வாளர் அம்மா கேட்டார்கள். சொல்லியிருப்பேன். அவர் தனியாகப் போவதாக நினைத்துத்தான் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்படி யாரும் என்னை மிரட்டவோ தூண்டவோ இல்லை. கெங்கம்மாளுக்கு இன்னும் தெரியாது; தெரிவிக்கும்போது நானும் உடன் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ப. ரத்னா