புரதப் பக்கத்துக்கு ஒரு வெளியாள்

அன்னைக்கு வீட்டுல இருந்தது அஞ்சு பேர், தம்பி. என் மருமக, அவகூட ஆராய்ச்சிக்கூடத்துல வேலை செய்யற கண்ணாடிக்காரர், படம் போடற பொண்ணு, என் பையன், அப்புறம் நான். பையனக் கணக்குல சேக்க வேண்டாம், சோபாவுலயே தூங்கிட்டான். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்கலியா? நிதானமாத் தேடுங்க.

என் கையில இருக்கற இந்தத் தாளப் பத்தித்தானே கேட்டீங்க? கம்ப்யூட்டர்ல விக்கின்னு ஒண்ணு இருக்காம். யார் வேணா எழுதலாம், யார் வேணா படிக்கலாம். அதுல போடறதுக்கு ஒரு புரதத்தப் பத்தி மருமக ஒரு பக்கம் எழுதினா. வெளியாளுக்குப் புரியலன்னு விக்கிக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொருதடவ திரும்பி வந்தா விட்டுடறேன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. அப்புறம் இவங்க மூணு பேரும் தங்களுக்குள்ளயே ஒரு ரூல் போட்டாங்க. வெளியாள் ஒருத்தருக்குப் படிச்சுக் காட்டணும், அந்த ஆளால தன் வார்த்தைல திருப்பிச் சொல்ல முடியாத வரிய எடுத்துடணும். வெளியாள் யாரு? ஆறாங்கிளாஸோட நின்ன நான்தான். எனக்குப் புது ஆளுங்க முன்னாடி வாயே திறக்காது. இப்ப பேசறேனேன்னு பாக்காதீங்க, ஊசியப் பாத்தா மட்டும் பேச்சு வரும்.

முதல் வரியே இது மிக முக்கியமான புரதம்னு இருந்துது. யாருக்கு முக்கியம்னு கேட்டேன். நம்ம பொருள நாமே மெச்சிக்கக் கூடாதுன்னு விக்கியோட ரூல்லயே இருக்கேன்னு கண்ணாடிக்காரர் அவளச் சீண்டினார். அந்த வரி போச்சு. அடுத்து உருவத்தப் பத்தி நீளமா ஓடுது. உடம்புல என்ன வேலை செய்யுதுன்னு சொல்லாம மூக்கு முழி எதுக்கும்மான்னேன். வேலை மேல வந்துது, உருவம் கீழ போச்சு.

நான் மட்டும் ஒழுங்கா? ஒவ்வொரு வரி வால்லயும் குட்டியா ஒரு எண் ஒட்டிக்கிட்டிருந்துது. மூணுக்கு அப்புறம் மறுபடி ஒண்ணு வருதே, தப்புன்னு பிடிச்சேன். எந்தக் கட்டுரையில இருந்து எடுத்தோம்ங்கறதுக்கு அது அடையாளமாம், அது இல்லாத வரி நிக்காதாம். படத்துலயும் அசடு வழிஞ்சேன். பச்சை, சிவப்பு, மஞ்சள்னு நாடாவச் சுருட்டி வச்சாப்பல இருந்துது. உடம்புக்குள்ள இத்தனை நிறமான்னு கேட்டுட்டேன். படம் போட்ட பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. அப்புறம் பட்டுனு நிறுத்திட்டு, மருமகளப் பாத்து, அக்கா, இத நாம எங்கயுமே எழுதலியேன்னா. படத்துக்குக் கீழ ஒரு வரி சேத்தாங்க: நிறம் பிரிச்சுக் காட்டத்தான், நிஜத்துல கிடையாது.

கடைசியா மருமக தாளக் கவுத்து வச்சிட்டு, அத்தை, புரதம்னா என்ன, நீங்க சொல்லுங்கன்னா. சொன்னேன். சின்னச் சின்ன மணியாக் கோத்த சரம். தானா மடிஞ்சு ஒரு உருவத்துக்கு வரும். உருவம் சரியா இருந்தாத்தான் வேலை நடக்கும். அவ்வளவுதான் சொன்னேன், அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பக்கம் போன வாரம் ஏறிடுச்சு, யாரும் திருப்பி அனுப்பல.

குத்தியாச்சா? தெரியவே இல்லியே.

எதுக்குக் கலங்கினாளா? உங்க கையில இருக்கற டெஸ்ட் சீட்டப் பாருங்க, இந்தத் தாள்ல இருக்கற பேருதான். எனக்கு அந்தப் புரதம்தான் கோணல். டாக்டருங்க எவ்வளவோ சொல்லியும் பிடிபடாம நான் பயந்து கிடந்தேன், அதப் பாத்துத்தான் அவ எழுதவே உக்காந்தா. இப்ப பயமில்ல தம்பி. மொத்தம் முந்நூத்துப் பன்னெண்டு மணி. என்னுதுல ஒண்ணே ஒண்ணுதான் மாறிப் போயிருக்கு. மீதி முந்நூத்துப் பதினொண்ணும் சரியா இருக்கு.